வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

பத்து முப்பது பேரை வைத்து சாஃப்ட்வேர் கம்பெனியோ, கணக்கு எழுதித் தரும் நிறுவனமோ, கஸ்டமர் சப்போர்ட்டோ நடத்துபவர்களுக்கான குறிப்பு இது. ஆபீஸ் கோவையிலோ சென்னையிலோ இருக்கும். ஆட்கள் புதுக்கோட்டை, நாகர்கோவில், தர்மபுரி என்று அவரவர் ஊரில் இருப்பார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது இது. இப்போது பலர் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், சென்னைக்கு வர மறுக்கும் நல்ல ஆட்கள் சொந்த ஊரில் கிடைப்பதுதான்.

ஏதாவது தப்பாகப் போனால் முதலில் வாயில் வருவது "ஆள் சரியில்லை" என்பதுதான். அதைக் கடைசியில் வையுங்கள். கோளாறு கண்ணில் படுவது ஊழியரிடம் என்றாலும், காரணம் பெரும்பாலும் வேலையை நாம் கைமாற்றிய விதத்தில் இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் சொல்லியிருக்கிறேன்.

இன்டர்வியூவில் வெளுத்து வாங்கினார், வேலையில் ஆளே வேறு மாதிரி இருக்கிறார்

முதலில் அப்பட்டமாகவே கேளுங்கள்: நிஜமாகவே வேறு ஆளா? ப்ராக்ஸி இன்டர்வியூ நம் ஐ.டி. உலகத்துக்குப் புதிதில்லை. பின்னால் ஒருவர் பதில் சொல்ல, கேமரா முன்னால் இன்னொருவர் வாயசைப்பார். விஷயம் தெரிந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். இணையப் பாதுகாப்பில் பயிற்சி தருவதையே தொழிலாக வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம் நோபிஃபோர், 2024 ஜூலையில் தான் ஏமாந்ததைத் தானே வெளியில் சொன்னது. நான்கு வீடியோ இன்டர்வியூ, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் தாண்டி அங்கே சேர்ந்தவர், திருடிய அடையாளத்தோடு வந்த வடகொரிய ஆள். கம்பெனி அனுப்பிய கம்ப்யூட்டர் கைக்குப் போன உடனேயே அதில் கெட்ட மென்பொருள் ஏற ஆரம்பித்தது. அதில்தான் மாட்டினார்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. இன்டர்வியூ எடுத்தவரே முதல் நாள் வீடியோ காலிலும் இருக்கட்டும். தேர்வில் எழுதிய வேலையைத் திரையில் திறந்து, "இந்த வரியை மட்டும் மாற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். எழுதியவருக்கு அது இரண்டு நிமிட வேலை. லேப்டாப்பை ஆதாரில் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். வேறு முகவரி கொடுத்தால் காரணம் கேட்பதில் தப்பில்லை. வாடகை வீடாக இருக்கலாம், மாமியார் வீடாகவும் இருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும்.

ஆள் அதே ஆள்தான் என்றால், இன்டர்வியூ தப்பானதை அளந்திருக்கிறது. வீடியோவில் ஒரு மணி நேரம் பேசவைத்தால் தெரிவது பேச்சுத் திறமை. தூரத்திலிருந்து வேலை பார்ப்பவருக்கு முக்கியமாக வேண்டியது எழுதத் தெரிவது, சந்தேகம் வந்த இடத்தில் நின்று கேட்கத் தெரிவது. வேர்ட்பிரஸ் டாட் காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் பேட்டியையே எழுத்து சாட்டில் நடத்தி, பிறகு சம்பளம் கொடுத்து ஒரு சோதனை வேலை செய்யச் சொல்லும் முறையால் பெயர் பெற்றது. சின்னக் கம்பெனிக்கு ஆறேழு மணி நேர வேலை போதும். கட்டாயம் பணம் கொடுத்துவிடுங்கள். இப்போது வேறு இடத்தில் இருப்பவர் சனி, ஞாயிறில் செய்யட்டும்.

அந்த வேலையில் வேண்டுமென்றே ஒரு குழப்பத்தை விட்டு வையுங்கள். கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்றால் ஜி.எஸ்.டி. பில் பட்டியல் ஒன்றைக் கொடுங்கள். அதில் இரண்டு பில்லுக்கு ஒரே எண் இருக்கட்டும். அதைப் பற்றி நீங்கள் மூச்சு விடாதீர்கள். சிலர் ஒன்றைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவார்கள். சிலர் அங்கேயே நின்று, இரண்டு நாள் கழித்து நீங்கள் கேட்டால் "டவுட் இருந்துச்சு சார்" என்பார்கள். அரிதாக ஒருவர் இப்படி எழுதுவார்: "ஒரே எண்ணில் இரண்டு பில் இருக்கு, தேதியும் தொகையும் வேற. இரண்டையும் வச்சு மஞ்சள் போட்டிருக்கேன். நீங்க சொன்னா மாத்திடறேன், மத்ததை முடிச்சுட்டேன்." அவரை எடுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை.

ஆஃபர் வாங்கிக்கொண்டார், சேரும் நாளில் போனை எடுக்கவில்லை

நம் ஊரில் நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் 90 நாள். உங்கள் ஆஃபர் லெட்டரைக் காட்டி வேறு இடத்தில் கூடுதலாக வாங்க மூன்று மாதம் தாராளமான அவகாசம். வீடு மாற வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம் என்பதால் மனம் மாறுவதும் சுலபம். கோபப்பட்டுப் பலனில்லை. நோட்டீஸ் குறைவாக உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள், இடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவருடைய வருங்கால டீம் லீட் பேசட்டும், எச்.ஆர். வேண்டாம். இரண்டாவது இடத்தில் இருந்தவரிடம் "வேண்டாம்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

சேர்ந்து இரண்டு வாரம், சத்தமே இல்லை

முதலில் பாருங்கள்: அவரால் வேலை செய்ய முடிகிறதா? லேப்டாப் வந்ததா, பாஸ்வேர்டு வேலை செய்கிறதா, தேவையான ஃபோல்டர் திறக்கிறதா? சிரிக்காதீர்கள், முக்கால்வாசி நேரம் இங்கேதான் நிற்கும். ஆபீஸாக இருந்தால் பக்கத்து சீட்டில் எட்டிப் பார்த்துச் சரிசெய்திருப்பார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் புதியவர், "இதைக்கூடக் கேட்டா என்ன நினைப்பாங்க" என்று ஒரு நாளை ஓட்டிவிடுவார். அப்புறம் இரண்டு நாள் ஆகிவிட்டதே என்ற கூச்சத்தில் இன்னும் கேட்கமாட்டார்.

எல்லாம் திறக்கிறது என்றால், கேள்வி கேட்க யார் இருக்கிறார் என்று பாருங்கள். "டவுட் இருந்தா குரூப்ல கேளுங்க" என்பது பதில் ஆகாது. பதினைந்து பேர் பார்க்கும் குரூப்பில் முதல் வாரத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரே ஒருவரை நியமியுங்கள். மேனேஜராக இருக்கக் கூடாது, அதே வேலையை ஒன்றிரண்டு வருடம் முன்னால் சேர்ந்து பார்ப்பவராக இருந்தால் நல்லது. காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம், முதல் மாதம் முழுக்க. "அக்கா, இது எங்க இருக்கு?" என்று தயங்காமல் கேட்கிற அளவுக்குப் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆபீஸே இல்லாமல் வளர்ந்து 2021ல் நாஸ்டாக்கில் பட்டியலான கிட்லேப் நிறுவனத்திலும் புதியவருக்கு இப்படி ஒரு துணை ஆள் உண்டு, முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியதன் பட்டியலும் உண்டு. அவர்களுடைய கையேடு பொதுவில் திறந்தே கிடக்கிறது, பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அதை அப்படியே நகல் எடுக்க வேண்டாம், உங்களுக்கு இரண்டு பக்கம் போதும்.

புதியவர் தன் டீமைத் தாண்டி யாரையும் அறியாமலே இருப்பது இன்னொரு தொந்தரவு. மைக்ரோசாஃப்ட் தன் 61,182 அமெரிக்க ஊழியர்களின் 2020 முதல் பாதித் தொடர்புகளை ஆராய்ந்து மறுவருடம் வெளியிட்டது. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது குழுக்களுக்கு இடையிலான பேச்சு குறைந்து, அவரவர் தங்கள் வட்டத்துக்குள் சுருங்கிப்போனார்கள். பில்லிங் டீமில் சேர்ந்தவருக்கு சப்போர்ட் டீமில் யாரைக் கேட்பது என்று தானாகத் தெரியாது. முதல் மாதத்தில் ஒவ்வொரு டீமிலிருந்தும் ஒருவரோடு அரை மணி நேரம் பேசவையுங்கள். காலண்டரில் நீங்களே போட்டுக் கொடுங்கள், அவராகப் போடமாட்டார்.

சாட்டில் ஆன்லைன் என்று பச்சை விளக்கு எரிகிறது, வேலை நகரவில்லை

அதிகம் கேட்கிற புகார் இதுதான். அதிகம் தப்பாக மருந்து கொடுக்கப்படுவதும் இதற்குத்தான்.

கண்காணிப்பு மென்பொருள் வாங்கிப் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொல்வார்கள். மவுஸைத் தானாக ஆட்டும் கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு தட்டுவது போலப் பாவனை காட்டியதற்காகப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது 2024ல் செய்தியானது. அவ்வளவு பெரிய வங்கிக்கே இந்த நிலை என்றால், உங்கள் ஸ்க்ரீன்ஷாட்டுகளை யார் உட்கார்ந்து பார்ப்பது? அதற்கு ஒரு ஆள் சம்பளம் வேண்டும். போதாததற்கு நன்றாக வேலை பார்ப்பவர்தான் முதலில் மனம் நொந்து கிளம்புவார்.

அதற்குப் பதில், கடைசியாக நீங்கள் வேலை கொடுத்த மெசேஜைத் திறந்து படியுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அந்த பில் ஸ்கிரீன்ல கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்திருக்கு, கொஞ்சம் பாருங்க."

மூன்று நாள் கழித்து "என்னாச்சு?" என்று கேட்டால் "பாத்துட்டேன் சார், கொஞ்சம் டெஸ்டிங் பாக்கி" என்று வரும். அவர் பொய் சொல்லவில்லை. பாருங்கள் என்றீர்கள், பார்த்தார். எந்த கஸ்டமர், என்ன கம்ப்ளைன்ட், எப்போதைக்குள், முடிந்தது என்பதற்கு அடையாளம் என்ன, எதுவுமே அதில் இல்லை. ஆபீஸில் இந்த ஓட்டைகளையெல்லாம் டீக்கடையில் நின்று பேசி அடைத்துவிடுவோம், அதனால் நமக்கே ஓட்டை இருப்பது தெரியாது. அதே வேலையை இப்படி எழுதலாம்:

"திருப்பூர் கஸ்டமர் ஒருத்தர் பில்லில் தள்ளுபடி 5 சதவீதம் போட்டா, வரி தள்ளுபடிக்கு முந்தின தொகைக்குக் கணக்காகுது. தள்ளுபடி போக மீதிக்குத்தான் வரி வரணும். புதன் சாயங்காலம் 4 மணிக்குள்ள அவங்க அனுப்பின மூணு பில்லையும் சரியா போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க. பழைய பில்களைத் தொட வேண்டாம். செவ்வாய் மதியத்துக்குள்ள காரணம் பிடிபடலைன்னா என்னைக் கூப்பிடுங்க."

எழுத ஐந்து நிமிடம் ஆகும். கடைசி வரி முக்கியம். எங்கே நின்றால் கேட்கலாம் என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடுகிறது. "சாரைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இல்லாமல் கேட்க வாய் வராது.

இப்படி இரண்டு மூன்று வாரம் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வேலை நகர ஆரம்பித்தால் பிரச்சினை உங்கள் மெசேஜில் இருந்தது. இவ்வளவு தெளிவாகக் கொடுத்தும் கெடு தவறுகிறது, தவறப் போகிறது என்று முன்னால் சொல்வதும் இல்லை என்றால், அப்போது ஆளைப் பற்றி யோசிக்கலாம். கெடு தவறுவதைவிட, தவறப்போவதைச் சொல்லாமல் இருப்பதைத்தான் நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்வேன்.

கூப்பிட்டால் எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் நீல டிக் மட்டும்

கரன்ட். முதலில் அதைக் கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின் நிலையம் வாரியாகக் காலை 9 மணியிலிருந்து மதியமோ மாலையோ வரை மின்தடை என்று பேப்பரில் போடுவார்கள். சென்னையில் இருப்பவருக்கு அது வேறு ஏதோ ஏரியாவின் செய்தி, ஊரில் இருக்கும் உங்கள் ஊழியருக்கு ஒரு முழு வேலைநாள். அந்தத் தேதியைப் பார்த்து முன்கூட்டியே சொல்வதை வழக்கமாக்குங்கள். அன்றைக்குப் பதில் சனிக்கிழமை பார்க்கட்டும், அல்லது நெட் தேவைப்படாத வேலையை ஒதுக்கி வையுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். சேர்ந்த வாரத்திலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்து நெட் நிற்கிறதா என்று பார்க்கட்டும். ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது, இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும், கம்பெனி செலவில் வாங்கிக் கொடுங்கள். தெருவுக்கே கரன்ட் போகும்போது மட்டும் நெட் நிற்கிறது என்றால், கேபிள்காரர் தெருமுனையில் வைத்திருக்கும் பெட்டிக்கு பேக்கப் இல்லை. அதை நாம் சரிசெய்ய முடியாது. வேறு கம்பெனி சிம் ஒன்று, எந்த அறையில் சிக்னல் எடுக்கிறது என்ற தகவலோடு, தயாராக இருக்க வேண்டும்.

கரன்ட் இல்லை, நெட்டும் இல்லை என்பது காரணம் இல்லையென்றால், எவ்வளவு நேரத்தில் பதில் வேண்டும் என்று எப்போதாவது சொன்னீர்களா? நான் பார்த்தவரை பலரும் சொன்னதே இல்லை. காலை 11 முதல் 1, மாலை 3 முதல் 5, இந்த நேரத்தில் எல்லோரும் இருக்க வேண்டும். மற்ற நேரத்தில் அன்றைக்குள் பதில் போதும். தலைபோகிற அவசரத்துக்கு மட்டும் போன். இப்படி ஒரு பக்கம் எழுதி ஒட்டிவிட்டால் சண்டை பாதி அடங்கும். இரவு பத்து மணிக்கு நீங்கள் "ஹாய், இருக்கீங்களா?" என்று போடுவதையும் அன்றோடு நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் வராததைப் புகாராகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

நாள் முழுக்க மீட்டிங், வேலைக்கு நேரம் இல்லை

யார் என்ன செய்கிறார் என்று தெரியாத பயத்தில் போடப்படும் மீட்டிங்குகள் இவை. பச்சை விளக்கு பகுதியில் சொன்னபடி வேலையை எழுதிக் கொடுத்தால் பாதி தானாக விழும். மிச்சத்தில் எல்லோரும் கேமரா போட வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்துங்கள். ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பைலன்சன் 2021ல் வீடியோ கால் களைப்புக்குச் சொன்ன நான்கு காரணங்களில், நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்று. ஒற்றை ஹாலில் அப்பா டிவி பார்க்க, அம்மா குறுக்கே நடக்க, வீட்டை மறைத்து உட்காரும் அவஸ்தை அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு இடத்திலும் சம்பளம் வாங்குகிறாரோ என்று சந்தேகம்

2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாகச் சொன்னது. அடுத்த மாதமே இன்ஃபோசிஸ், முன் அனுமதி வாங்கினால் வெளி வேலை செய்யலாம் என்று தன் ஊழியர்களுக்கு எழுதியது. இரண்டு பெரிய கம்பெனிக்கே ஒரே கருத்து இல்லை. ஆகவே உங்கள் கருத்து என்ன என்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இன்றே எழுதுங்கள்: எது கூடாது, எது சொல்லிவிட்டுச் செய்யலாம். வார இறுதியில் டியூஷன் எடுப்பதும், உங்கள் கஸ்டமரின் போட்டியாளருக்குக் கணக்கு எழுதுவதும் ஒன்றில்லை.

ஆதாரம் தேடுவதானால், பி.எஃப். கட்டும் கம்பெனிகளில், எங்கே வேலை மாறினாலும் ஊழியருக்கு மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.-இல் ஒரே மாதத்துக்கு இரண்டு நிறுவனம் பணம் கட்டியது தெரிந்துவிடும். இரண்டாவது இடத்தில் பி.எஃப். இல்லையென்றால் ஒன்றும் தெரியாது. என் கருத்து: கொடுத்த வேலை தரமாக, நேரத்துக்கு வருகிறது என்றால் துப்பறிவாளர் வேலைக்குப் போகாதீர்கள். வரவில்லை என்றால், அந்தக் காரணத்துக்காகவே பேசுங்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று பேப்பர் போட்டார்

சம்பளம் என்பார். சம்பளமும்தான். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைத் தேடுங்கள். ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010-11ல் ஒன்பது மாதம் நடந்த பரிசோதனை இது. விருப்பப்பட்டவர்களில் பிறந்தநாள் இரட்டைப்படையில் வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை 13 சதவீதம் கூடியது, விலகுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். குறைவாகப் பேசப்படும் பகுதி: அதே அளவு வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. பரிசோதனை முடிந்தபோது ஏறத்தாழ பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள், தனிமை தாங்கவில்லை.

உங்கள் கடைசி மூன்று இன்கிரிமென்ட் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கோவை ஆபீஸில் கண்முன்னே உட்கார்ந்திருப்பவர்களும் ஊரிலிருந்து பார்ப்பவர்களும் எந்த விகிதத்தில் இருக்கிறார்கள்? டீம் லீட் ஆனவர்களில் வீட்டிலிருப்பவர் ஒருவராவது உண்டா? இல்லையென்றால் அவருக்கும் அது தெரியும்.

தனிமைக்கு ஆன்லைன் விளையாட்டு, வெள்ளிக்கிழமை வீடியோ அந்தாக்ஷரி எல்லாம் மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வேலைப் பட்டியல் பேசாத அரை மணி நேரப் பேச்சு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோரையும் நேரில் வரவழைத்து இரண்டு நாள், போக்குவரத்தும் தங்குமிடமும் கம்பெனி செலவு. ஆபீஸ் வாடகையில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிக்கலாம். பக்கத்து ஊரிலேயே இருப்பவர் என்றால் வாரத்தில் சில நாள் ஆபீஸ் வருவதை விரும்புகிறாரா என்று கேளுங்கள். அதே சீன நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துச் செய்து 2024ல் வெளியான இன்னொரு ஆய்வில், வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு என்ற ஏற்பாட்டில் விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதிலும் பெண்களிடமும் நெடுந்தூரம் பயணம் செய்பவர்களிடமும் அது நன்றாகத் தெரிந்தது.

சம்பளச் சீட்டில் ஏதோ இடிக்கிறது

ஆள் வேறு மாநிலத்தில் இருந்தால் முதலில் தொழில்வரியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அது உள்ளாட்சிக்கு, அரையாண்டுக்கு ஒரு முறை. கர்நாடகத்தில் மாநில அரசுக்கு, மாதாமாதம். எங்கேயும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது, தொகை சின்னது, விட்டுப்போனால் வரும் நோட்டீஸ் பெரியது. இலங்கையிலிருந்து தமிழ் பேசும் ஆள் எடுத்தால் நேர வித்தியாசம் இல்லை, மொழிச் சிக்கலும் இல்லை, ஆனால் அங்கே ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நிதிகளின் விதிகள் தனி. ஆடிட்டரிடம் போங்கள், இதில் சொந்த மூளையைப் பயன்படுத்த வேண்டாம்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று, சரியாகவில்லை

தெளிவாக எழுதிக் கொடுத்தீர்கள், கேட்க ஆள் கொடுத்தீர்கள், நெட், கரன்ட் சரி, நேரமும் கொடுத்தீர்கள். இன்னும் அதே கதை என்றால் இழுக்காதீர்கள். வீடியோவில் நேராகச் சொல்லுங்கள், மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வேண்டாம். எந்தெந்த வேலை, எந்தெந்தத் தேதி என்று கையில் இருக்கட்டும். வேலையை எழுதிக் கொடுத்து வந்திருந்தால் அந்தப் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

பேசும் முன் யாருக்கு என்னென்ன திறந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்து வையுங்கள்: மெயில், கோட் களஞ்சியம், கஸ்டமர் சர்வர், டேலி, வங்கியின் ஓ.டி.பி. போகும் எண், வாட்ஸ்அப் குரூப்புகள். கடைசியில் சொன்ன இரண்டும்தான் எப்போதும் மறக்கப்படுபவை. கஸ்டமர் குரூப்பில் பழைய ஊழியர் ஆறு மாதம் கழித்தும் அட்மினாக இருப்பதைப் பார்க்கலாம். கடைசி வேலைநாள் சாயங்காலம் எல்லாவற்றையும் மூடுங்கள். லேப்டாப்பைத் திருப்பி அனுப்பப் பெட்டியும் கூரியர் பிக்கப்பும் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள், அவரை அலையவிட வேண்டாம். லேப்டாப் வந்து சேர்ந்த தேதியை எழுதி வைத்து, கடைசிச் சம்பளத்தையும் அனுபவச் சான்றிதழையும் அந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.